கொழுப்பின் முதுகில் ஏறிப் போகும் துப்பறியும் அணு

கொலஸ்டிரால் என்ற பெயரைக் கேட்டாலே இப்போது எல்லோருக்கும் பயம். "ரத்தத்தில் கொழுப்பு ஏறி விட்டது" என்று டாக்டர் சொல்லி விட்டால் போதும். அன்றைக்கே வீட்டில் நெய் ஜாடி பரணுக்கு ஏறி விடுகிறது. முட்டை நின்று விடுகிறது. மாமியார் வடை சுட்டாலும் மருமகன் தொடுவதில்லை.

அந்தக் கொலஸ்டிராலின் முதுகில் ஒரு சின்னஞ்சிறு அணுவை ஏற்றுகிறார்கள் அமெரிக்க விஞ்ஞானிகள். அதை ஊசி மூலம் மனிதனின் ரத்தத்தில் செலுத்துகிறார்கள். அது எங்கே போகிறது, எந்த உறுப்பு அதை வாங்கிக் கொள்கிறது என்று வெளியே இருந்தபடியே படம் பிடிக்கிறார்கள்.

எதற்காக? மாரடைப்பு வருமா என்று பார்ப்பதற்கா?

இல்லை. ரத்தக் கொதிப்பை உண்டாக்கும் ஒரு திருடனைப் பிடிப்பதற்காக!

அந்தத் திருடன் யார், அவன் எங்கே ஒளிந்திருக்கிறான், கொழுப்புக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பார்ப்போம்.

பாதி உண்மை

கொலஸ்டிரால் என்பது மெழுகு போன்ற ஒரு கொழுப்புப் பொருள். ரத்தத்தில் அது அளவுக்கு மிஞ்சினால் ஆபத்துதான். ரத்தக் குழாய்களின் உட்சுவரில் படிந்து, கடைசியில் மாரடைப்பில் கொண்டு போய் விடும். இது உண்மை. ஆனால் பாதி உண்மை.

மற்றப் பாதி என்ன தெரியுமா? கொலஸ்டிரால் இல்லாமல் மனிதன் உயிர் வாழவே முடியாது.

நம் உடம்பில் உள்ள கோடானுகோடி உயிரணுக்களின் சுவர்களில் கொலஸ்டிரால் இருக்கிறது. சாப்பிட்ட எண்ணெயையும் நெய்யையும் ஜீரணிக்கும் பித்தநீர் அதிலிருந்துதான் உண்டாகிறது. நெய்யே தொடாதவர் உடம்பிலும் கொலஸ்டிரால் இருக்கும். ஏனென்றால் அதில் பெரும் பகுதியை உடம்பே தயாரித்துக் கொள்கிறது.

இன்னொரு முக்கியமான வேலையும் அதற்கு உண்டு. ஹார்மோன்கள் சிலவற்றுக்கு அதுதான் மூலப்பொருள்.

ஹார்மோன் என்றால் என்ன? ஓர் உறுப்பின் உத்தரவை ரத்தத்தின் வழியாக இன்னோர் உறுப்புக்குக் கொண்டு போகும் தபால்காரன் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆணை ஆணாகவும், பெண்ணைப் பெண்ணாகவும் வளர்க்கும் ஹார்மோன்கள் கொலஸ்டிராலிலிருந்து தயாராகின்றன. உடம்பில் எவ்வளவு உப்பு இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் ஹார்மோனும் அப்படித்தான்.

நம் கதைக்கு வேண்டியது இந்தக் கடைசி ஹார்மோன்தான். அதன் பெயர் அல்டோஸ்டிரோன்.

தொப்பி போட்ட சிறுநீரகம்

இடுப்புக்கு மேலே, முதுகுப் பக்கமாக, நமக்கு இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பி வைத்தாற் போல ஒரு சிறு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அட்ரினல் சுரப்பி என்று பெயர். ஒரு சுரப்பியின் எடை சுமார் 5 கிராம்கூட இருக்காது. ஆனால் அது செய்கிற வேலை பெரிது. அல்டோஸ்டிரோனைத் தயாரிப்பது அதுதான்.

அல்டோஸ்டிரோன் சிறுநீரகத்துக்கு இடுகிற உத்தரவு இது: "உப்பை வெளியே விடாதே. பிடித்து வை!"

உப்பு தங்கினால் தண்ணீரும் தங்கும். தண்ணீர் தங்கினால் ரத்தத்தின் அளவு கூடும். குழாயில் அழுத்தம் ஏறும். அளவோடு நடந்தால் இது நல்லது. உடம்பு வறண்டு போகாமல் காப்பாற்றும். ஆனால் ஒரு சுரப்பியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி முளைத்து, அது யார் சொல்லையும் கேட்காமல் அல்டோஸ்டிரோனைக் கொட்டிக் கொண்டே இருந்தால்?

ரத்தக் கொதிப்புதான்!

34 வயதுப் பெண்

இதை முதன்முதலாகக் கண்டுபிடித்தவர் அமெரிக்க டாக்டர் ஜெரோம் கான். மிச்சிகன் மாகாணத்தில் ஆன் ஆர்பர் என்று ஓர் ஊர். அங்குள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவர் வேலை பார்த்தார்.

1954-ம் ஆண்டில் அவரிடம் 34 வயதுப் பெண் ஒருவர் வந்தார். ஏழு ஆண்டுகளாக அவருக்குத் துன்பம். கை கால்கள் திடீர் திடீர் என்று இழுத்துக் கொள்ளும். தசைகள் சோர்ந்து போகும். சில சமயம் காலை எடுத்து வைக்கவே முடியாது. ரத்தக் கொதிப்பும் இருந்தது.

கான் பல மாதங்கள் அந்தப் பெண்ணைச் சோதித்தார். உடம்பில் சோடியம் தங்குகிறது. பொட்டாசியம் என்ற இன்னோர் உப்பு சிறுநீரோடு போய்க் கொண்டே இருக்கிறது. தசைகள் சோர்ந்து போவதற்குக் காரணம் அதுதான். "அட்ரினல் சுரப்பிதான் அளவுக்கு மேல் ஹார்மோனைக் கொட்டுகிறது" என்று அவர் முடிவுக்கு வந்தார்.

ஆபரேஷன் நடந்தது. கான் சொன்னது சரியாகப் போயிற்று. சுரப்பியில் ஒரு கட்டி இருந்தது. எடுத்தார்கள். ஏழு ஆண்டு நோய் தீர்ந்தது!

இன்று உலகம் முழுவதும் டாக்டர்கள் அந்த நோய்க்குக் கான் நோய் என்று அவர் பெயரையே சொல்கிறார்கள்.

இது என்னவோ லட்சத்தில் ஒருவருக்கு வருகிற அபூர்வ நோய் என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தார்கள். அது தவறு. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு, அட்ரினல் சுரப்பி இப்படி அத்து மீறுவதுதான் காரணம் என்று இப்போது கணக்கிட்டிருக்கிறார்கள். ரத்தக் கொதிப்புக்காரர் இல்லாத தெரு ஏது? அப்படியானால் இந்தக் கணக்கு எத்தனை குடும்பங்களைத் தொடுகிறது என்று நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் நோயின் மூலம் தெரியாது. மாத்திரைக்கு மேல் மாத்திரை விழுங்கிக் கொண்டிருக்கிறார்கள்.

இதில் வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. மற்ற ரத்தக் கொதிப்பைவிட இது பொல்லாதது. அழுத்தம் ஒரே அளவாக இருந்தாலும், அல்டோஸ்டிரோன் மிஞ்சியவர்களுக்குப் பக்கவாதமும் இதயக் கோளாறும் அதிகமாக வருகின்றன.

எந்தப் பக்கம்?

சரி, அட்ரினல் சுரப்பிதான் குற்றவாளி என்று தெரிந்து விட்டது. உடனே ஆபரேஷன் செய்து விடலாமா?

அவசரப்படக் கூடாது. சுரப்பிகள் இரண்டு. வலது பக்கத்துச் சுரப்பி குற்றவாளியா? இடது பக்கமா? அல்லது இரண்டுமே கூட்டுக் களவாணிகளா?

ஒரு பக்கம் மட்டும் என்றால் அதை எடுத்து விடலாம். மிஞ்சிய சுரப்பி ஒன்றே உடம்புக்குப் போதும். சிலருக்கு அதன் பிறகு மாத்திரையே தேவைப்படாது. பலருக்கு மாத்திரை குறையும். இரண்டு பக்கமும் கெட்டிருந்தால் ஆபரேஷன் கூடாது. ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைதான் வழி.

பக்கம் மாறிப் போனால்? நல்ல சுரப்பியை வெட்டி எறிந்து விட்டு, கெட்டதை உள்ளே வைத்துத் தைத்து விடுவார்கள். இதைவிட அநியாயம் வேறு உண்டா?

இப்போது சி.டி. ஸ்கேன் இருக்கிறதே, அதில் கட்டி தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் அங்கேதான் சிக்கல். வயதானவர்களில் பலருக்கு அட்ரினல் சுரப்பியில் ஒன்றும் செய்யாத சாதுவான கட்டி இருக்கும். அது பாட்டுக்கு இருந்து விட்டுப் போகும். உண்மையான திருடன் இன்னொரு பக்கத்தில், ஸ்கேனில் அகப்படாத அளவுக்குச் சிறியதாக ஒளிந்திருப்பான். சி.டி. ஸ்கேன் உருவத்தைக் காட்டும். நடத்தையைக் காட்டாது.

வெல்ல வண்டியின் பின்னால்

நம் ஊரில் மதுவிலக்கு இருந்த காலத்தை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓர் ஊரில் யாரோ கள்ளச் சாராயம் காய்ச்சுகிறான். எந்த வீட்டில் என்று தெரியவில்லை. வெளியே இருந்து பார்த்தால் எல்லாமே ஓட்டு வீடு. கெட்டிக்காரப் போலீஸ்காரர் என்ன செய்வார்? வீட்டைப் பார்க்க மாட்டார். வெல்லம் ஏற்றிய வண்டியின் பின்னால் போவார். பொங்கலும் இல்லை, கல்யாணமும் இல்லை. மூட்டை மூட்டையாக வெல்லம் வாங்குகிறவன் எவன்?

அதே யுக்திதான் இங்கேயும். அல்டோஸ்டிரோன் தயாரிக்கக் கொலஸ்டிரால் வேண்டும். அதிகமாகத் தயாரிக்கிற சுரப்பி, கொலஸ்டிராலை அதிகமாக வாங்கும். ஆகவே கொலஸ்டிராலின் பின்னால் போனால் திருடன் வீட்டில் கொண்டு போய் விட்டு விடும்.

பின்னால் போவது எப்படி? அங்கேதான் கதிரியக்க அணு வருகிறது.

மீந்து போன சாப்பாடு

இந்த வித்தையின் தந்தை ஜார்ஜ் டி ஹெவசி. ஹங்கேரி நாட்டுக்காரர். 1911-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் படித்துக் கொண்டிருந்தார். அவரைப் பற்றி ஒரு வேடிக்கையான கதை சொல்வார்கள்.

அவர் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் சிக்கனக்காரி. ஞாயிற்றுக்கிழமை மீந்து போன சாப்பாட்டையே அடுத்த நாட்களிலும் வேறு பண்டமாக்கிப் பரிமாறுகிறாள் என்று ஹெவசிக்குச் சந்தேகம். கேட்டால் "புதிதாகச் சமைத்தது" என்று சாதித்தாள். ஹெவசி தன் தட்டில் மீந்ததில் ஒரு துளி கதிரியக்கப் பொருளைக் கலந்து வைத்து விட்டார். சில நாள் கழித்து, கதிர்வீச்சைக் காட்டும் கருவியை மேஜைக்குக் கொண்டு வந்து புதிய பலகாரத்தின் அருகில் பிடித்தார். கருவி காட்டிக் கொடுத்து விட்டது!

(நம் ஊர் மெஸ்களில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.)

கதை எப்படியோ, அதில் உள்ள தத்துவம் பெரியது. கதிரியக்க அணு தன் சாதாரண உடன்பிறப்பைப் போலவே நடந்து கொள்ளும். உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் போகிற இடமெல்லாம் கதிர் வீசிக் கொண்டே போகும். கருவி வைத்திருப்பவன் அதைப் பின்தொடரலாம். இதற்காக ஹெவசிக்கு 1943-ம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

கொலஸ்டிராலை உடம்பு எப்படித் தயாரிக்கிறது என்பதும் இந்த வழியில்தான் தெரிய வந்தது. ஒரு கொலஸ்டிரால் மூலக்கூறில் 27 கரி அணுக்கள் இருக்கின்றன. அத்தனையும் காடியில் உள்ள சாதாரண அமிலத்திலிருந்து உடம்பு கட்டியது என்று, அடையாளம் இட்ட அணுக்களைக் கொண்டு கான்ராட் பிளாக் காட்டினார். அவரும் பியோடர் லினன் என்பவரும் 1964-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்கள்.

ஆனால் அந்த அடையாள அணுக்கள் பரிசோதனைச் சாலைக்குத்தான் உதவும். கார்பன் 14 என்ற கதிரியக்கக் கரி வீசும் கதிர் மிகவும் நோஞ்சான். உடம்பின் தோலைத் தாண்டி வெளியே வராது. வெளியே வராத கதிரைக் கொண்டு படம் பிடிப்பது எப்படி?

கொலஸ்டிராலில் இருப்பதோ கரி, ஹைட்ரஜன், பிராண வாயு என்ற மூன்றே வகை அணுக்கள். ஆகவே கொலஸ்டிராலுக்குச் சொந்தமில்லாத வேறொரு அணுவை அதன் முதுகில் ஏற்ற வேண்டும். ஏற்றியது உடம்புக்குத் தெரியவும் கூடாது!

தவறிப் பிறந்த பிள்ளை

இந்தக் காரியத்தை முடித்தவர்களும் ஆன் ஆர்பர்காரர்களே. கான் வேலை பார்த்த அதே பல்கலைக்கழகத்தில் அணு மருத்துவ டாக்டர் வில்லியம் பயர்வால்டஸ் இருந்தார். ரேமண்ட் கவுன்செல் என்ற ரசாயன நிபுணரும் இருந்தார். இவர்கள் கூடி, அயோடின் 131 என்ற கதிரியக்க அணுவைக் கொலஸ்டிராலோடு இணைத்தார்கள். தைராய்டு நோய்க்கு நம் ஆஸ்பத்திரிகளிலும் கொடுக்கிறார்களே, அதே அயோடின்தான். முதலில் நாய்களிடம் சோதித்தார்கள். 1971-ல், உயிருள்ள மனிதனின் அட்ரினல் சுரப்பியைக் கத்தி வைக்காமலே படம் பிடித்து விட்டதாக அறிவித்தார்கள்.

அடுத்த ஆண்டு, கட்டி உள்ள சுரப்பிகளையும் படம் பிடித்தார்கள். அந்த ஆராய்ச்சியில் கானும் சேர்ந்து கொண்டார். கத்தியின் துணையோடு பார்த்த கட்டியை, பதினெட்டு ஆண்டுகளுக்குள் படத்தில் பார்த்து விட்டார் மனிதர்!

பிறகு நடந்தது இன்னும் ருசியானது. இந்த மருந்தைத் தயாரிக்கும்போது அதனுடன் வேறொரு சரக்கும் கலந்து வந்தது. அயோடின் தன் இடத்தில் இராமல், மூலக்கூறின் அமைப்பே சற்று மாறிப் பிறந்த பொருள் அது. அழுக்கு என்று கொட்டியிருக்க வேண்டியது. சோதித்துப் பார்த்தால், அசல் மருந்தைவிட அந்த அழுக்கைத்தான் சுரப்பி பல மடங்கு ஆவலோடு வாங்கிக் கொள்கிறது! 1975-ல் ஜப்பானியரும் மிச்சிகன்காரர்களும் இதை வெளியிட்டார்கள். அதற்கு மிச்சிகன்காரர்கள் வைத்த பெயர் என்.பி.59. ஜப்பானில் அடோஸ்டெரால் என்ற பெயரில் அது மருந்தாகவே விற்பனைக்கு வந்தது.

நல்லவனைத் தூங்க வை

இதில் ஒரு தந்திரமும் உண்டு. நல்ல சுரப்பியும் கொலஸ்டிராலை வாங்கத்தானே செய்யும்? படத்தில் இரண்டும் தெரிந்தால் திருடனைப் பிரித்து அறிவது எப்படி?

மூளையின் அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அட்ரினலுக்கு மேலதிகாரி. "வேலை செய்" என்று உத்தரவு போடுவது அதுதான். டெக்சாமெத்தசோன் என்ற மாத்திரையைச் சில நாள் கொடுத்தால் மேலதிகாரி வாயை மூடிக் கொள்கிறார். உத்தரவு வராததால் நல்ல சுரப்பி தூங்கப் போய் விடும். கெட்ட கட்டிக்கு மேலதிகாரியும் இல்லை, கீழதிகாரியும் இல்லை. அது பாட்டுக்குக் கொலஸ்டிராலை விழுங்கிக் கொண்டே இருக்கும். அப்போது படம் எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று தெரியும்.

மிக அழகான யோசனை. பின் ஏன் இந்தச் சோதனை நம் ஊர் டாக்டர்கள் வாயில்கூட வருவதில்லை?

காரணம் அயோடின் 131-தான். அதன் வீரியம் பாதியாகக் குறையவே எட்டு நாள் பிடிக்கும். அதுவரை உடம்புக்குள் கதிர் வீசிக் கொண்டிருக்கும். அயோடின் பிரிந்து போய்க் கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியில் குடியேறி விடும். அதைத் தடுக்க முன்கூட்டியே வேறு அயோடின் மருந்து கொடுக்க வேண்டும். ஊசி போட்டு, நாலைந்து நாள் கழித்து வந்து படம் எடுத்துக் கொள்ள வேண்டும். சில சமயம் இரண்டு மூன்று நாள் அலைய வேண்டும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது பனி மூட்டத்தில் எடுத்தது போன்ற மங்கலான படம். தயாரிப்பதும் எளிதல்ல. அமெரிக்காவில் அது ஆராய்ச்சி மருந்து என்ற நிலையிலிருந்து கடைசி வரை மேலே போகவே இல்லை.

இன்று ஆஸ்பத்திரிகளில் நடப்பது வேறு. தொடை மடிப்பில் ஊசி குத்தி, நீளமான மெல்லிய குழாயை ரத்தக் குழாய்க்குள் விட்டு, அட்ரினல் வரை ஓட்டிப் போய், இரண்டு சுரப்பியிலிருந்தும் வருகிற ரத்தத்தைத் தனித்தனியே எடுத்துச் சோதிக்கிறார்கள். எதில் அல்டோஸ்டிரோன் அதிகம் என்று பார்க்கிறார்கள். நம்பகமான சோதனை. ஆனால் வலப்பக்கத்து ரத்தக் குழாய் மிகவும் குட்டையானது. அதில் குழாயை நுழைப்பது ஊசியில் இருட்டில் நூல் கோப்பது போல. கைதேர்ந்த டாக்டர் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எத்தனை ஊரில் இருக்கிறார்கள்? அதனாலேயே, ஆபரேஷனால் குணமாகக் கூடியவர்கள் பலர் அந்தப் படியிலேயே நின்று விடுகிறார்கள்.

குதிரை மாறியது

இப்போது ஆன் ஆர்பரிலிருந்து வந்திருக்கும் செய்திக்கு வருவோம்.

அயோடின்தானே தொல்லை? அதை இறக்கி விட்டு வேறு அணுவை ஏற்றினால் என்ன? பற்பசையில் புளோரைடு என்று போட்டிருக்கிறதே, அந்தப் புளோரினுக்குக் கதிரியக்கத் தம்பி ஒருவன் உண்டு. பெயர் புளோரின் 18. சென்னையிலும் கோவையிலும் புற்று நோய்க்குப் பெட் ஸ்கேன் எடுக்கிறார்களே, அதில் சர்க்கரையின் முதுகில் ஏறிப் போவது இந்தத் தம்பிதான். இவனுடைய வீரியம் 110 நிமிடத்தில் பாதியாகி விடும். உடம்பில் கதிர் தங்குவது குறைவு. படமும் தெளிவாக விழும்.

சொல்ல எளிது. செய்வது கடினம். கொலஸ்டிராலில் புளோரின் 18-ஐ ஏற்றும் முயற்சிகள் முன்பு கைகூடவில்லை. புளோரினை ஏற்றிக் கொடுக்கும் ஒரு புதிய ரசாயனச் சரக்கு வந்த பிறகு, என்.பி.59-ஐக் கட்டும் வழியையும் திருத்திக் கொண்டு, மிச்சிகன் விஞ்ஞானிகள் வெற்றி கண்டார்கள். 2022-ல் விவரத்தை வெளியிட்டார்கள். புதிய மருந்துக்கு எப்.என்.பி.59 என்று பெயர். பழைய பெயருக்கு முன்னால் புளோரினுக்கு ஓர் இனிஷியல்!

எலிகளிடம் பார்த்தார்கள். முயல்களைப் படம் பிடித்தார்கள். கொலஸ்டிராலைப் பயன்படுத்துகிற உறுப்புகளான ஈரல், பித்தப்பை, அட்ரினல் எல்லாம் எதிர்பார்த்தபடியே படத்தில் தெரிந்தன. உடம்பில் ஏறும் கதிர் பழைய மருந்தைவிடக் குறைவு. விஷம் இல்லை என்று நிச்சயித்துக் கொண்டு, அமெரிக்க சர்க்காரின் அனுமதி பெற்று, மனிதருக்குக் கொடுத்தார்கள். யாருக்கும் கெடுதல் நேரவில்லை. ஈரலும் அட்ரினலும் படத்தில் விழுந்தன. பிட்யூட்டரியின் உத்தரவைப் போன்ற ஒரு மருந்தைச் சிலருக்குக் கொடுத்தார்கள். உடனே அட்ரினல் கூடுதலாகக் கொலஸ்டிராலை வாங்கிக் கொண்டதும் தெரிந்தது.

இந்தக் கடைசிச் செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உத்தரவு கூடினால் படத்தில் வெளிச்சமும் கூடுகிறது என்றால், அந்தப் படம் சுரப்பியின் உருவத்தை மட்டும் காட்டவில்லை. அதன் உழைப்பையே காட்டுகிறது.

கடிகாரத்தோடு பந்தயம்

ஆனால் கொண்டாட்டத்துக்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொலஸ்டிரால் சோம்பேறிப் பிரயாணி. சர்க்கரையைப் போல ஓடிப் போய்ச் சேராது. ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் வண்டிகளில் இடம் பிடித்து, மெள்ள மெள்ளப் போகும். அயோடின் 131-க்கு எட்டு நாள் தவணை இருந்ததால் பழைய டாக்டர்கள் நாலைந்து நாள் நிதானமாகக் காத்திருந்தார்கள். அதற்குள் ரத்தத்தில் மிதப்பது வடிந்து, சுரப்பி மட்டும் தெரியும்.

புளோரினிடம் அந்தப் பொறுமை கிடையாது. 110 நிமிடத்தில் பாதி. 220 நிமிடத்தில் கால். ஒன்பது மணி நேரம் கடந்தால் 32-ல் ஒரு பங்குதான் மிச்சம். அதற்குள் படத்தை எடுத்து விட வேண்டும். போதாக்குறைக்கு வலது அட்ரினல் ஈரலுக்கு ஒட்டினாற் போல இருக்கிறது. ஈரலும் கொலஸ்டிராலை ஏராளமாக வாங்கும் உறுப்பு. பெரிய விளக்கின் பக்கத்தில் சிறு அகலை அடையாளம் கண்டு பிடிப்பது போன்ற வேலை அது.

இதற்குப் போட்டியாக இங்கிலாந்தில் வேறு ஒரு வழி முன்னேறி வருகிறது. மெட்டோமிடேட் என்ற மருந்தில் கார்பன் 11 என்ற கதிரியக்கக் கரியை ஏற்றி அனுப்புகிறார்கள். அது கொலஸ்டிராலைப் பின்தொடர்வதில்லை. ஹார்மோனைத் தயாரிக்கும் யந்திரத்தையே நேராகப் போய்ப் பிடித்துக் கொள்கிறது. எந்தப் பக்கம் என்று சொல்வதில், குழாய் விட்டு ரத்தம் எடுக்கும் சோதனைக்கு அது சளைத்ததல்ல என்று 2023-ல் காட்டினார்கள். ஆனால் கார்பன் 11-ன் வீரியம் 20 நிமிடத்தில் பாதியாகி விடும். மருந்தைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் யந்திரம் ஆஸ்பத்திரி வாசலிலேயே இருக்க வேண்டும். புளோரினை மோட்டாரில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்பலாம். சின்ன ஊர் நோயாளிக்கு இது பெரிய வித்தியாசம்.

இதயத்துக்கு உதவுமா?

இவ்வளவு படித்த பிறகு, "இதே முறையில் இதயக் குழாயில் எவ்வளவு கொழுப்பு படிந்திருக்கிறது என்று பார்க்கலாமே" என்று தோன்றும். நியாயமான ஆசை. முயன்றும் பார்த்தார்கள். கொழுப்பைச் சுமக்கும் வண்டிகளிலேயே கதிரியக்க அணுவை ஏற்றி, கழுத்து ரத்தக் குழாயின் படிவைப் படம் பிடித்ததாக 1983-ல் பாஸ்டன் நகர விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். ஆனால் அது நடைமுறைச் சோதனையாக வேர் பிடிக்கவில்லை. காரணம் எளிது. குழாயின் சுவரில் படிவது கொஞ்சம். குழாய்க்குள் ஓடும் ரத்தத்தில் மிதப்பதோ ஏராளம். ஆற்று வெள்ளத்தின் நடுவே கரையின் ஈரத்தைப் படம் பிடிக்க முடியுமா? ஆகவே கொலஸ்டிரால் ஸ்கேன் என்று எவராவது விளம்பரம் செய்தால், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை என்று எண்ணிப் பணத்தைக் கட்டி விடாதீர்கள்.

எப்.என்.பி.59 இன்னும் ஆராய்ச்சிச் சாலையின் வாசலைத் தாண்டவில்லை. கான் நோய் உள்ளவர்கள் பலருக்கு அதைக் கொடுக்க வேண்டும். அதே ஆட்களுக்குக் குழாய் விட்டு ரத்தமும் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு சோதனையும் ஒரே பக்கத்தைச் சொல்கின்றனவா, அந்தப் பக்கத்தை எடுத்த பிறகு ரத்தக் கொதிப்பு இறங்கியதா என்று கணக்கு வைக்க வேண்டும். இதற்கு ஆண்டுகளும் ஆகும், பணமும் ஆகும். வாழ்நாள் முழுவதும் விழுங்கும் மாத்திரையில் உள்ள லாபம், ஒருவருக்கு ஒரு தடவை போடும் ஊசியில் கிடையாது. பெரிய கம்பெனிகள் இதற்கு முண்டியடித்துக் கொண்டு வருவார்கள் என்று நான் நம்பவில்லை. பல்கலைக்கழகங்களும் சர்க்கார்களும்தான் செலவு செய்தாக வேண்டும்.

ஆனால் முதல் படிக்கு ஸ்கேனே வேண்டியதில்லை. திருடன் இருக்கிறானா என்று அறிய, ரத்தத்தில் அல்டோஸ்டிரோனையும் ரெனின் என்ற இன்னொரு பொருளையும் அளந்து ஒப்பிட்டால் போதும். அதற்குக் கையில் ஓர் ஊசிதான் குத்துவார்கள். ரத்தக் கொதிப்பு உள்ள எல்லோருக்குமே இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம் என்று அமெரிக்காவில் உள்ள எண்டோகிரைன் சொசைட்டி என்ற ஹார்மோன் நிபுணர்களின் சங்கம் 2025-ல் சிபாரிசு செய்திருக்கிறது. இளம் வயதிலேயே ரத்தக் கொதிப்பு வந்தவர்களும், மூன்று நான்கு மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் இறங்காதவர்களும், பொட்டாசியம் குறைந்து தசை சோர்ந்தவர்களும் தங்கள் டாக்டரிடம் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லிக் கேட்கலாம். அவராக மாத்திரையை மாற்றச் சொல்லும் வரை எதையும் நிறுத்தக் கூடாது.